நிறம் சொல்லப்படாதவர்கள்

ஒலிப்பதிவு முடிந்து சற்று நேரம் ஆகியும் சின்னவன் ஹெட்போனைக் கழற்றவில்லை. நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டு, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, இன்னும் ஏதோ வர வேண்டியிருக்கிறது என்பதுபோல உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட அசதியில் அவன் அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அவன் அம்மா தரையில் கால் நீட்டிப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அண்ணிக்காரி மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பல வார உழைப்பு அந்த ஹெட்போனுக்குள் இருந்தது.

“எப்படி இருக்கு தம்பி?”

“நல்லா இருக்கு. கப்பல் தெரியுது. பலகையெல்லாம் ஈரமா இருக்கறது தெரியுது. மீன் விக்கிற அம்மா தராசைத் தூக்கிப் பிடிச்சிருக்கற கை தெரியுது.” ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “ஒண்ணு கேக்கணும் அண்ணி. அந்தப் படத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தோல் இருக்கா?”

அவளுக்குப் புரியவில்லை.

“மூட்டை தூக்கறவரை மட்டும் ‘டார்க் ஸ்கின்’னு சொல்றீங்க. மத்தவங்களுக்குத் தொப்பி இருக்கு, பாவாடை இருக்கு, ஒருத்தருக்குப் பூட்ஸ்ல ஓட்டைகூட இருக்கு. தோல் மட்டும் இல்ல.”

அவள் நகரத்து ஓவியக் கூடத்தில் ஆங்கிலத்தில் எழுதும் வேலையில் இருந்தாள். படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டைகள், கண்காட்சிக் கையேடுகள், இப்படி ஏதாவது. இந்த வருடம் கூடத்தில் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். கண் தெரியாதவர்கள் வந்தால் ஹெட்போன் கொடுப்பார்கள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, அதில் என்ன இருக்கிறது என்பதை இரண்டு நிமிடத்தில் கேட்டுக்கொள்ளலாம். எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்தது. பெரிய கூடத்தின் நடுச்சுவரில் தொங்கும் துறைமுகப் படத்திலிருந்து ஆரம்பித்தாள். காலை நேரம், ஒரு கப்பலில் சரக்கு ஏறுகிறது, கரையில் இருபது பேருக்குக் குறையாத கூட்டம்.

அவள் எழுதிய முதல் வடிவம், கூடத்தின் எழுத்துகளைத் திருத்தும் தலைமை ஆசிரியையின் மேஜையிலிருந்து சிவப்புச் சிவப்பாகத் திரும்பி வந்தது. யாரையும் குறைத்துக் காட்டும் சொல், ஓரம் சாயும் சொல் எதுவும் எழுத்தில் இருக்கக்கூடாது என்பதில் அந்த அம்மாள் கறாரானவர். மீன் விற்கும் பெண்களை அவள் ‘மீனவர்களின் மனைவிகள்’ என்று எழுதியிருந்தாள். “அவங்க கையில கத்தி இருக்கு, தராசு இருக்கு. யாரோட மனைவின்னு படத்துல எங்க எழுதியிருக்கு?” என்று கேட்டார். படிக்கட்டில் இருந்த ‘நொண்டி’, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் மனிதர் ஆனார். ‘அழகான இளம்பெண்’ணின் அழகை எடுத்துவிட்டு, அவள் எதைப் பார்க்கிறாள் என்று எழுதச் சொன்னார். முதலில் அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வாரம் போனதும் அதுவே ஒரு பித்தாகப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் உள்ளே யாரோ ஒருவர் மூச்சு முட்டிக் கிடப்பது கேட்டது. வீட்டில் செய்தித்தாளைக்கூடப் பேனாவோடுதான் படித்தாள். “சேர்மன்னு சொல்லக்கூடாது, சரி. அப்ப ரோட்ல இருக்கற மேன்ஹோலுக்கு என்ன பேரு?” என்று கணவர் கிண்டல் செய்வார். “விழறவங்க ஆம்பளையா பொம்பளையான்னு அது பாக்கறதில்லையே.”

அப்படிச் சலித்துச் சலித்து எடுத்த எழுத்து. தலைமை ஆசிரியை இரண்டாம் வடிவத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. பெருமையோடுதான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொழுந்தனிடம் கொடுத்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவன், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவன், நல்லா இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவன்.

“அது வந்து, அவர் மட்டும் படத்துல தனியாத் தெரியறார் தம்பி. அதான் சொன்னேன்.”

“மத்தவங்க எப்படி இருக்காங்க?”

“மத்தவங்க சாதாரணமா இருக்காங்க.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. படத்தில் மற்றவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். தன்னுடைய மாநிறக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர்களைச் சாதாரணம் என்று சொல்லியிருந்தாள். அந்தக் கணக்கில் இந்த வீட்டில் சாதாரணமானவர் ஒருவரும் இல்லை.

சின்னவன் அதைப் பிடித்துக்கொண்டு வாதம் செய்யவில்லை. சிரித்தான். “சின்ன வயசுல ஸ்கூல்ல இங்கிலீஷ் கதையா டேப்ல கேப்போம். ஒருத்தர் வருவார், உயரமா இருப்பார், மீசை இருக்கும், கோபக்காரரா இருப்பார். நிறம் சொல்ல மாட்டாங்க. அடுத்தவர் வருவார், அவருக்கும் சொல்ல மாட்டாங்க. எப்பவாவது ஒரு சமையல்காரரோ ஒரு திருடனோ வந்தா அவருக்கு மட்டும் நிறம் இருக்கும். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நிறங்கறது காய்ச்சல் மாதிரி, சில பேருக்கு மட்டும் வர்றதுன்னு. மத்தவங்கல்லாம் தண்ணி மாதிரி, கண்ணாடி மாதிரி, அந்தப் பக்கம் தெரியும்போலன்னு. ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

 அவள் முழங்கையில் மயிர் நிமிர்ந்து நின்றது. கண்ணாடியால் ஆன மனிதர்கள் தெருத்தெருவாக நடந்து போவதும், கடைகளில் பேரம் பேசுவதும், பேருந்துக்கு நிற்பதும், நடுவில் அங்கொருவர் இங்கொருவர் மட்டும் வண்ணத்தோடு போவதும் அவள் கண்ணில் வந்தது. ஒரு பையனின் தலைக்குள் இப்படி ஒரு உலகம் வருடக்கணக்கில் இருந்திருக்கிறது. அதை அவன் கற்பனை செய்யவில்லை. எழுதியவர்கள் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறான், அவ்வளவுதான். எழுதியவர்களுக்குத் தாங்கள் சொன்னது என்னவென்று தெரியவில்லை. அவளுக்கும்தான் தெரியவில்லை.

“சரி, நான் என்ன நிறம்?” என்றான், மணி என்ன என்று கேட்பதுபோல.

பட்டாணித் தோல் உடையும் சத்தம் நின்றது.

“உனக்கென்னப்பா, நல்ல நிறந்தான்” என்றார் அம்மா.

“நல்ல நிறம்னா எது?”

“நல்ல நிறம்னா நல்ல நிறம். கேள்வியைப் பாரு.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், உரிக்காத காயையும் உரித்த தோலையும் ஒன்றாகக் கலந்துகொண்டு உள்ளே போனார்.

சின்னவன் குரலைத் தாழ்த்தினான். “நாள் முழுக்க நான் தோலைத்தான் தொட்டுக்கிட்டிருக்கேன் அண்ணி.” அவன் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். “வறண்ட தோல், எண்ணெய்த் தோல், தையல் போட்ட தோல், பயத்துல சில்லுன்னு ஆன தோல், எல்லாம் தெரியும். யாரு என்ன நிறம்னு மட்டும் கைக்கு வராது. வீட்டுல சட்டை என்ன நிறம்னு சொல்வாங்க. சாக்ஸ் மாத்திப் போட்டாக்கூடச் சொல்வாங்க. சட்டைக்குள்ள இருக்கறது என்னன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.”

சமையலறையில் மாமியார் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

“அவன்கிட்ட ஏம்மா இதையெல்லாம் பேசறே?” கோபமாகக் கேட்கவில்லை. “மூத்தவன் என்னை மாதிரி. இவன் அவங்கப்பாவைக் கொண்டு பொறந்தான். அவரைவிட ஒரு படி மேல. பாக்க வந்தவங்க தொட்டில் பக்கத்துலயே நின்னு பேசினாங்க. கண்ணும் இல்ல, நிறமும் இல்லைன்னு. கண்ணுக்கு நான் பாக்காத டாக்டர் இல்ல. ஒண்ணும் முடியல. சரி, இந்த ஒண்ணையாவது அவன் காதுல விழாமப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். கண்ணு தெரியறவனா இருந்தா மறைக்க முடியுமா? இவனுக்கு முடிஞ்சுது. அந்த வார்த்தையை இந்த வீட்டுல யாரையும் சொல்ல விட்டதில்ல.”

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை இந்த வீட்டில் கேட்டதே இல்லை. கணவரின் அந்த நிறக் கோட்டை மாமியார் ‘அலமாரியில் தொங்கற கோட்டு’ என்பார். அதே நிறத்தில் வரும் பூனையை ‘அந்தப் பூனை’ என்பார். ஒருமுறை விருந்துக்கு வந்த உறவுக்காரர் “தம்பி கொஞ்சம்” என்று ஆரம்பித்தபோது மாமியார் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து சிதறியது. கை தவறியது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். தலைமை ஆசிரியையின் விதிகளெல்லாம் நேற்று வந்தவை. இங்கே ஒரு பெண், அகராதியிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டு, முப்பது வருடத்துக்கு மேலாகத் தனியாகக் காவல் இருந்திருக்கிறாள்.

நிறமும் இல்லை. அந்தச் சொற்கள் அன்று முழுவதும் அவளைச் சுற்றி வந்தன. அந்த ஆங்கிலக் கதைகளில் வெளுத்தவர்களுக்கு நிறம் சொல்வதில்லை. இங்கே கறுத்தவர்களுக்கு நிறமே இல்லை என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒருவன் தன் கையை நீட்டி, இது என்ன என்று கேட்கிறான்.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போனாள். சின்னவன் கேட்டதையும், அவன் நினைத்திருந்த கண்ணாடி மனிதர்களையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நான் எப்படி விட்டேன்?” என்றார். பிறகு, “சரி, சுலபம். அந்த ரெண்டு வார்த்தையை எடுத்துடு. யாருக்கும் நிறம் வேண்டாம்.”

“எடுத்தா அவரும் கண்ணாடி ஆயிடுவார் மேடம். அவர் ஒருத்தர்தான் உருப்படியா நின்னுக்கிட்டிருந்தார்.”

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “அப்ப எல்லாருக்கும் சொல்லணும். ரெண்டு நிமிஷத்துல இடம் எங்க இருக்கு?”

“ஓவியரோட வாழ்க்கை வரலாற்றை எடுத்துடலாமா?”

“எடு. செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கோவிச்சுக்க மாட்டார்.”

கீழே இறங்கிப் போய்ப் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். இதுவரை அவள் எழுதியதெல்லாம் கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதியது. தொப்பியைப் பார்க்க வேண்டுமென்றால் தொப்பியைப் பெரிதாக்குவாள். முகங்களைப் பெரிதாக்கத் தோன்றியதில்லை. இப்போது இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளை என்று எழுத வேண்டியதுதான் என்று நினைத்து வந்திருந்தாள். முதல் ஆளிடமே அது நின்றுவிட்டது. சரக்குக்குக் கணக்குச் சொல்லும் வியாபாரியின் கன்னம் செங்கல் நிறம். அவரது கை ஈரச் சாம்பலைப் போல. மீன் விற்கும் பெண்ணுக்கு முழங்கைவரை சிவப்பு, சட்டைக் கை சுருண்டு ஏறிய இடத்தில் வெளிறிய நீலம். கப்பலைப் பார்த்து நிற்கும் இளம்பெண்ணின் கழுத்தில் மெல்லிய பச்சை ஓடியது. ஊன்றுகோல்காரரின் நெற்றி மணல் நிறம், மூக்கு துரு ஏறிய ஆணி. சுத்த வெள்ளை அந்தப் படத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, ஒரு கடற்பறவையின் வயிற்றில்.

பிறகு மூட்டை தூக்குகிறவரிடம் வந்தாள். பார்க்கிறவருக்கு முதுகைக் காட்டி, வளைந்து, பலகையில் ஏறிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு சொல்லில் முடித்துவிட்ட அந்த முதுகில் ஓவியர் நாள் கணக்கில் நின்றிருக்க வேண்டும். தோள்பட்டையில் கருநீலம். அதற்குக் கீழே பழைய செம்பு. விலா எலும்புகளின் நடுவில் ஊதா. முதுகெலும்பின் பள்ளத்தில், கடல் தண்ணீரிலிருந்து எதிரொளித்த ஒரு பச்சைக் கோடு, நூல் அளவு. வெயில் பட்ட விளிம்பில் ஒரு தீற்று ஆரஞ்சு, இப்போதுதான் தொட்டு எடுத்ததுபோல ஈரமாக. அந்தப் பெரிய படத்தில் வேறெங்கும் இவ்வளவு வண்ணங்கள் ஒரே இடத்தில் இல்லை.  வருடக்கணக்காக இந்தப் படத்தைத் தாண்டித்தான் தினமும் தன் அறைக்குப் போயிருக்கிறாள். மக்கள் அவளுக்கும் படத்துக்கும் நடுவில் வந்து நின்று, பார்த்து, நகர்ந்தார்கள். அவள் அவர்கள் முகங்களையும் பார்க்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பேருந்திலும் பார்த்தாள், கடையிலும் பார்த்தாள். ஒருவர் நிறம் மற்றவருக்கு இல்லை. இவ்வளவு நாளும் உலகம் இப்படியேதான் இருந்திருக்கிறது.

எழுதுவது சாமானியமாக இல்லை. மனிதர் தோலைத் தின்னும் பொருளோடு ஒப்பிடக்கூடாது என்பது தலைமை ஆசிரியையின் இன்னொரு விதி. தேனும் காபியும் பாலும் கைவிட்டுப் போனதும் ஆங்கிலத்தில் அவளுக்கு மிச்சம் இருந்தது ரொம்பக் கொஞ்சம். கல், மண், உலோகம், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கினாள். எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தாள். மூட்டை தூக்குகிறவருக்கு எவ்வளவு நேரமோ வியாபாரிக்கும் அவ்வளவு நேரம்.

கூடத்துக்கு விடுமுறை நாளில் சோதனைக்கு வரச் சொல்லி சின்னவனை அழைத்தாள். கிளம்பும்போது மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “நானும் வரேன்” என்றார். 

ஆள் இல்லாத கூடத்தில் மூவரின் காலடியும் பெரிதாகக் கேட்டது. தலைமை ஆசிரியை தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்னவன் படத்தின் முன்னால் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவன் உதடுகள் மெல்ல அசைந்தன. ஒரு கட்டத்தில் அவன் அரை அடி பின்னால் நகர்ந்தான், கூட்டத்துக்கு வழி விடுகிறவன்போல. முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னான்.

இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டுத்தான் பேசினான். “எல்லாரும் வந்துட்டாங்க அண்ணி.”

அவள் காத்திருந்தாள்.

“அன்னைக்கு ஒருத்தர் மட்டும்தான் வெயில்ல நின்னார். இப்ப அத்தனை பேரும் வெயிலுக்கு வந்துட்டாங்க. இவ்வளவு கூட்டம்னு தெரியவே தெரியாது எனக்கு.” காற்றில் கையை நீட்டினான், படத்தைத் தொட்டுவிடாத தூரத்தில். “அவர் முதுகுல அவ்வளவும் இருக்கா? நெஜமாவா?”

“இருக்கு தம்பி. நான் குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன்.”

அவன் தலையை ஆட்டினான். பிறகு தன் அம்மா நிற்கும் பக்கம் திரும்பினான். வாசனையிலோ மூச்சிலோ அவர் எங்கே நிற்கிறார் என்று அவனுக்கு எப்போதும் தெரியும்.

“அம்மா, ஹாஸ்டல்ல கொஞ்சம் கண்ணு தெரியற பசங்க இருந்தாங்க இல்ல, அவங்க என்னைக் கரிச்சட்டின்னு கூப்பிடுவாங்க. மேல ஏதோ கரி ஒட்டியிருக்குபோலன்னு நெனச்சுத் தேய் தேய்னு தேய்ப்பேன். ஒருத்தனுக்கு மட்டும் இவ்வளவு சோப்பு எதுக்குடான்னு வார்டன் திட்டினார்.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

மாமியார் சிரிக்கவில்லை. “என்கிட்ட ஏண்டா சொல்லல?”

“என்னன்னு தெரிஞ்சாத்தானே சொல்றது. நம்ம வீட்டுல அந்த வார்த்தையே கிடையாதேம்மா.”

அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். முப்பது வருடம் காவல் காத்த கதவு, காவல் இல்லாத பக்கத்தில் என்றைக்கோ திறந்து கிடந்திருக்கிறது. அவளுக்கு மாமியாரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“அண்ணி, இவங்களையெல்லாம் சொன்ன மாதிரி என்னைச் சொல்லுங்க” என்றான் சின்னவன்.

அவள் வாயைத் திறந்தாள். கல்லும் உலோகமுமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் எது அவனுக்குரியது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மாமியார் அவள் தோளைத் தொட்டார்.

“நீ இரும்மா. நான் சொல்றேன்.”

மகனின் மணிக்கட்டைப் பிடித்து, கூரைக் கண்ணாடி வழியாக வெயில் விழும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அவனைவிட ஒரு தலை குள்ளம் அவர். அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கறுப்பு” என்றார்.

அந்த வார்த்தை கூடத்தில் எங்கும் போய் மோதவில்லை. சின்னவன் அசையாமல் நின்றான். அவர் விரலை அவன் நெற்றியில் வைத்தார்.

“இங்க வெயில் படுது. இந்த இடம் மட்டும் தேச்சு வச்ச பித்தளை மாதிரி இருக்கு. இங்க,” விரல் புருவத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது, “கண்ணுக்குக் கீழ ஒரு நீலம். உங்கப்பாவுக்கும் இப்படித்தான். கன்னம் நல்ல கறுப்பு. மழையில நனைஞ்ச கல்லு இருக்கும் பாரு, அது. மூக்கு நுனி கொஞ்சம் செவந்திருக்கு. உதட்டுல ஊதா இருக்குடா, நான் இத்தனை நாள் பாக்கவே இல்ல.”

பெஞ்சில் இருந்த தலைமை ஆசிரியை எழுந்து நின்றுவிட்டார். அண்ணிக்காரி துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சின்னவன் கண்களை மூடி, முகத்தை அம்மாவின் விரலுக்குக் கொடுத்துக்கொண்டு குனிந்தான். விரல் தாடையின் ஓரமாகப் போய்க் காதின் பின்னால் நின்றது. அவர் எக்கி, கால் விரல்களில் நின்று, காது மடலை மெதுவாக முன்னால் வளைத்துப் பார்த்தார். வெயில் அதன் வழியே ஊடுருவி வந்தது.

“இரு இரு,” என்றார், “அசையாத. இங்க வேற ஒண்ணு இருக்கு.”